கஞ்சிக் கிண்ணமும் பீச் பழமும்: ஒரு பள்ளியின் சாட்சிகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



பள்ளி நினைவுகள் என்பது அகலமான தலைப்பு. அதை ஒரே பள்ளிக்குள் சுருக்கிக்கொள்ள இந்த அவை அனுமதிக்க வேண்டும். இங்கிலாந்தின் தென்கரையில் ஈஸ்ட்போர்ன் என்ற கடலோர ஊரில் செயின்ட் சிப்ரியன்ஸ் என்றொரு பள்ளி இருந்தது. பையன்கள் மட்டும் தங்கிப் படிக்கும் ஆயத்தப் பள்ளி. எட்டு வயதில் சேர்ப்பார்கள். பதின்மூன்று வயதில் ஈட்டன், ஹாரோ போன்ற பெரிய பள்ளிகளுக்கு அனுப்பிவைப்பார்கள். 1899இல் தொடங்கிய அந்தப் பள்ளி சுமார் நாற்பது ஆண்டுகளே நடந்தது. 1939 மே மாதம் தீப்பிடித்துக் கட்டடம் அழிந்தது. இளம் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். பள்ளி அதிலிருந்து எழவேயில்லை.

கட்டடம் போய்விட்டது, சாட்சிகள் மிஞ்சினார்கள். அங்கே படித்தவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் அதிகம். ஜார்ஜ் ஆர்வெல், விமர்சகர் சிரில் கானலி, புகைப்படக் கலைஞர் செசில் பீட்டன், நீர்நாய்களைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற கேவின் மேக்ஸ்வெல், விளம்பர உலகின் டேவிட் ஓகில்வி, கோல்ஃப் வர்ணனையாளர் ஹென்றி லாங்ஹர்ஸ்ட், பத்திரிகையாளர் அலரிக் ஜேக்கப். ஒரே சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றி இத்தனை பேர் அச்சில் சாட்சி சொன்ன பள்ளிகள் அபூர்வம். ஒருவர் அதை நரகம் என்கிறார். இன்னொருவர் நல்ல பள்ளி என்கிறார். யாரை நம்புவது?

இந்த உரையின் வாதம் இதுதான். பள்ளி நினைவுகளைப் படிக்கும்போது எழுதியவர் வழங்கும் தீர்ப்பை முதலில் ஓரமாக வைத்துவிட வேண்டும். அந்தத் தீர்ப்புக்கு இடைஞ்சலாக அவரே சொல்லிவிடும் செய்தியைத் தேட வேண்டும். குற்றம் சாட்டுபவர் எதைப் பாராட்டிவிட்டார், ஆதரித்துப் பேசுபவர் எதை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று பார்க்கப் பழகினால், சண்டை போடும் சாட்சிகள் பல இடங்களில் ஒத்துப்போவது தெரியும்.

1. பணம்

பள்ளியை நடத்தியவர்கள் வாகன் வில்க்ஸ் தம்பதியர். பையன்கள் தலைமையாசிரியருக்கு வைத்த பட்டப்பெயர் சாம்போ. அவர் மனைவிக்கு ஃப்ளிப். நேரில் அந்த அம்மையாரை ‘மம்’ என்று அழைக்க வேண்டும். பெயருக்குத்தான் சாம்போ தலைவர், பள்ளியை ஆண்டவர் ஃப்ளிப் என்பதில் எல்லாச் சாட்சிகளும் உடன்படுகிறார்கள்.

கட்டணம் ஆண்டுக்கு 180 பவுண்டு. அது எவ்வளவு பெரிய தொகை என்பதற்கு ஆர்வெல் வீட்டையே கணக்கில் எடுக்கலாம். எரிக் பிளேர் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1903இல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். தந்தை ரிச்சர்ட் பிளேர் இந்திய அரசின் அபினித் துறையில் அதிகாரி. 1911 செப்டம்பரில் எட்டு வயது மகன் பள்ளியில் சேர்ந்தபோது தந்தை இந்தியாவில்தான் இருந்தார். மறு ஆண்டு ஓய்வுபெற்றுத் திரும்பிய அவருக்குக் கிடைத்த ஓய்வூதியம் ஆண்டுக்குச் சுமார் 440 பவுண்டு. முழுக் கட்டணம் கட்டியிருந்தால் குடும்ப வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரு பையனுக்கே போயிருக்கும்.

கட்டவில்லை. பாதிக் கட்டணத்தில்தான் எரிக் சேர்க்கப்பட்டான்.

இதில் தர்மமும் உண்டு, வியாபாரமும் உண்டு. கெட்டிக்காரப் பையன்கள் சிலரைக் குறைந்த கட்டணத்தில் எடுத்து, லத்தீனும் கிரேக்கமும் புகட்டி, ஈட்டன் போன்ற பள்ளிகளின் உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்வார்கள். அவர்கள் வென்றால் பள்ளியின் பெயர் உயரும். பெயர் உயர்ந்தால் முழுக் கட்டணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள். எரிக் அந்த முதலீட்டைத் திருப்பிக் கொடுத்தான். ஈட்டனின் உதவித்தொகை கிடைத்து 1917இல் அங்கே போனான். கானலியும் பின்னாலேயே போனார். நம் ஊர் நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையங்கள் சென்ற ஆண்டு வென்றவர்களின் படத்தைச் சுவரொட்டியில் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியாமல் இருக்காது.

2. குற்றச்சாட்டு

ஆர்வெலின் நீண்ட கட்டுரை ‘சச், சச் வேர் த ஜாய்ஸ்’. தலைப்பு வில்லியம் பிளேக்கின் கவிதையிலிருந்து எடுத்தது. அங்கே மகிழ்ச்சியாகச் சொல்லப்பட்டதை இங்கே கசப்போடு திருப்பிப் போட்டிருக்கிறார். 1947 மே மாதம் பதிப்பாளர் ஃபிரெட்ரிக் வார்பர்க்குக்கு அனுப்பும்போதே, அவதூறு வழக்கு வருமென்பதால் உடனே அச்சிட முடியாது என்று குறிப்பிட்டார். 1950இல் அவர் இறந்தார். 1952இல் அமெரிக்க இதழான ‘பார்ட்டிசன் ரிவ்யூ’ பள்ளியின் பெயரை மாற்றி வெளியிட்டது. பிரிட்டனில் அச்சேறியது 1968இல், அதாவது திருமதி வில்க்ஸ் மறைந்த பிறகுதான். எழுதியவரும் போய், எழுதப்பட்டவரும் போன பின்புதான் உள்ளூர் வாசகர் அதைப் படித்தார். பதில் சொல்ல அந்த அம்மையாருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டுரை படுக்கையை நனைத்த குற்றத்தோடு தொடங்குகிறது. வீட்டை விட்டு வந்து சில வாரமே ஆன எட்டு வயதுப் பையன் தூக்கத்தில் சிறுநீர் கழித்துவிடுகிறான். பள்ளிக்கு வந்த ஒரு பெண்மணியின் முன்னால் ஃப்ளிப் அதைச் சொல்லி அவமானப்படுத்துகிறார். பிறகு சாம்போ குதிரைச் சாட்டையால் அடிக்கிறார். அடித்த அடியில் சாட்டை உடைகிறது. வலியைவிட, நல்லவனாக இருக்க முடியாத ஓர் உலகத்தில் மாட்டிக்கொண்டோம் என்ற உணர்வுதான் பையனை அழவைத்தது என்று ஆர்வெல் எழுதுகிறார். வாசகர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்.

கட்டுரையில் நம்மை நிறுத்த வேண்டியவை வேறு. காலையில் வழுவழுப்பான தண்ணீரில் குளிர்ந்த முழுக்கு. கஞ்சிக் கிண்ணத்தின் விளிம்புக்கடியில் புளித்துக் காய்ந்து ஒட்டியிருக்கும் பழைய கஞ்சி. கார், ஸ்காட்லாந்து விடுமுறை, தகப்பனின் வருமானம் என்று ஒருவரையொருவர் அளந்துகொள்ளும் பையன்கள். மற்றவர்களுக்குப் பிறந்த நாளில் கேக் வரும், இவனுக்கு வராது. கிரிக்கெட் மட்டை கேட்டால், உன் வீட்டாரால் வாங்க முடியாது என்ற பதில் வரும். படிப்பில் தளர்ந்தால், எங்கள் தயவில் வாழ்கிறாய் என்று சாம்போவே சொல்லிக்காட்டுவார். வர்க்கம் என்ற சொல்லைக் கேள்விப்படுவதற்கு முன்பே அந்தப் பையன் அதைச் சாப்பாட்டு மேசையில் கற்றுக்கொண்டான்.

க.நா.சு.வின் மொழிபெயர்ப்பில் ‘விலங்குப் பண்ணை’யும் ‘1984’உம் படித்த தமிழ் வாசகர்களுக்கு ஆர்வெல் அறிமுகமானவர். ‘1984’இன் கொடுங்கோல் உலகமே செயின்ட் சிப்ரியன்ஸின் நிழல்தான் என்று விமர்சகர் ஆந்தனி வெஸ்ட் 1950களில் வாதிட்டார். அது மிகை. ஸ்டாலின், ஹிட்லர், ஸ்பெயின் உள்நாட்டுப் போர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒரு விடுதி வார்டனம்மாவிடம் கொண்டுபோய் நிறுத்துவது இலக்கிய விமர்சனத்தின் சோம்பல்.

3. எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டவை

கட்டுரை வெளியானதும் பழைய மாணவர்கள் பலர் கொதித்தார்கள். ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து, 1947இல் மவுண்ட்பேட்டனின் அலுவலகத்திலும் பணிபுரிந்த டபிள்யூ. எச். ஜே. கிறிஸ்டி, 1971இல் ‘பிளாக்வுட்ஸ்’ இதழில் பள்ளிக்கு ஆதரவாகத் தம் நினைவுகளை எழுதினார். ஆர்வெலின் கட்டுரை சிரிக்கவைக்கிறது, ஆனால் மிகைப்படுத்தியது என்பது செசில் பீட்டனின் கருத்து.

ஆதரவாளர்களில் மிக உரக்கப் பேசியவர் லாங்ஹர்ஸ்ட். திருமதி வில்க்ஸ் தம் வாழ்க்கையில் பெரிய பாதிப்பை உண்டாக்கிய அபூர்வப் பெண்மணி என்பது அவர் நிலை. பள்ளியின் மேல் அவருக்குக் கோபமே இல்லை. அப்படிப்பட்டவர் தம் சுயசரிதையில் ஒரு செய்தியைச் சொல்கிறார். ஆறிப்போன கஞ்சியைச் சாப்பிட முடியாமல் கிண்ணத்திலேயே வாந்தி எடுத்துவிட்டாராம். அந்தக் கிண்ணத்தை அப்படியே சாப்பிட்டு முடிக்கவைத்தார்களாம்.

இதை ஆர்வெல் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். வழக்கம்போல் ஊதிப் பெருக்குகிறார் என்றிருப்பார்கள். பள்ளியைக் காப்பாற்ற வந்தவரின் வாக்குமூலம் என்பதால்தான் அதற்கு எடை. ஆர்வெலின் கிண்ணத்தைவிட லாங்ஹர்ஸ்டின் கிண்ணம் கொடுமையானது. ஆனால் லாங்ஹர்ஸ்ட் அதை ஒரு வேடிக்கைச் சம்பவமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார். நடந்தவை பற்றி இருவருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அது பொறுக்கத்தக்கதா என்பதில்தான் வேறுபாடு.

இதே சோதனையை ஆர்வெலுக்கும் வைக்க வேண்டும். இருட்டாகவே எழுத உட்கார்ந்தவர் எங்கெல்லாம் வெளிச்சத்தைத் தப்பவிடுகிறார்? சில்லர் என்ற ஆசிரியர் பையன்களைக் கூட்டிக்கொண்டு உள்ளூர் ரயிலில் போய் வண்ணத்துப்பூச்சி பிடித்த கோடைப் பகல்கள். விடியற்காலையில், எல்லோரும் தூங்கும்போது, வெயில் விழும் படுக்கைக் கூடத்தில் கிப்ளிங்கையும் தாக்கரேயையும் எச். ஜி. வெல்ஸையும் தொந்தரவில்லாமல் படித்த ஒரு மணி நேரம். பிற்காலத்தில் தேரைகளைப் பற்றியும் தோட்டங்களைப் பற்றியும் ஆசையோடு எழுதிய ஆர்வெலின் வேர்களில் ஒன்று சில்லர். கட்டுரையின் போக்குக்கு அவர் தேவையே இல்லை, ஆனாலும் வந்து நிற்கிறார். அதனால் அவரை நம்பலாம்.

விட்டுப்போனதையும் பார்க்க வேண்டும். 1914 அக்டோபரில், பதினோரு வயதில், எரிக் எழுதிய தேசபக்திக் கவிதை உள்ளூர்ப் பத்திரிகையில் அச்சானது. 1946இல் எழுதிய வேறொரு கட்டுரையில் ஆர்வெலே அதைச் சொல்கிறார். இந்தக் கட்டுரையில் அந்தச் சின்ன வெற்றிக்கு இடமில்லை. தோற்றுப்போன பையன் என்ற சித்திரம் அதைத் தாங்காது.

4. பீச் பழம்

அப்படியானால் பாதிக் கட்டணத்தைச் சொல்லிக்காட்டியது? அது பெரியவராகிவிட்ட ஒரு சோஷலிசவாதியின் கற்பனையாக இருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. இதற்குச் சாட்சி டேவிட் ஓகில்வி. அரசியலில் ஆர்வெலுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சோப்பும் காரும் விற்கக் கற்றுக்கொடுத்து உலகின் மிகப்பெரிய விளம்பர நிறுவனங்களில் ஒன்றைக் கட்டியவர். ஆர்வெல் போன பிறகு, ஒன்பது வயதில் அதே பள்ளிக்கு அவர் வந்தார். அவருக்கும் குறைந்த கட்டணம்தான்.

1978இல் வந்த தம் சுயசரிதையில் ஒரு பீச் பழத்தைப் பற்றி அவர் எழுதுகிறார். பையன் ஒரு பழம் வாங்கிவிட்டான். திருமதி வில்க்ஸ் பொங்கி எழுந்தார். உன் அப்பா ஏழை, உன்னை ஏறக்குறைய இலவசமாக வைத்திருக்கிறோம், உனக்கு ஏன் பீச் பழம் என்று சத்தம் போட்டார்.

ஓகில்வி எழுதுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஆர்வெலின் கட்டுரை பிரிட்டனில் வெளிவந்துவிட்டது. அதன் நினைவு இதில் கலந்திருக்கலாம் என்று வாதாடலாம். கலந்திருக்கட்டும். பழம் ஓகில்வியுடையது. ஆர்வெலிடம் பீச் இல்லை. வெவ்வேறு ஆண்டுகளில் இருந்த இரண்டு குறைந்த கட்டணப் பையன்கள் ஒரே வகை வசவைக் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் அதைக் கேட்டிருக்கவே வாய்ப்பில்லை, ஏனென்றால் அது அவர்களுக்காகச் சொல்லப்படவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து அது காதில் விழவில்லை.

இங்கேயே நிறுத்திவிட்டால் வாதம் சுலபமாகிவிடும்: ஏழை வீட்டுப் பையன் வெறுப்பான், பணக்கார வீட்டுப் பையன் கொண்டாடுவான். அலரிக் ஜேக்கப் அதற்கு இடம் கொடுப்பதில்லை. அவரும் பேரரசின் ஊழியர் குடும்பத்துப் பிள்ளை. தந்தை ஏடனில் அரசியல் அதிகாரி. அரசியலிலோ ஆர்வெலைவிடச் சிவப்பானவர், சோவியத் ஒன்றியத்தின் மேல் பரிவு கொண்டவர். விடுதிப் பள்ளியைத் திட்ட அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் 1984இல் எழுதிய கட்டுரையில், ஆர்வெலின் பள்ளியைப் பகிர்ந்துகொண்டேன், அவருடைய பயங்களைப் பகிர்ந்துகொள்ளவில்லை என்ற பொருளில் வாதிட்டார். மறுபுறம், பணமும் குலமும் நிறைந்த பிரபுக் குடும்பத்துக் கேவின் மேக்ஸ்வெல் 1920களில் அதே பள்ளியில் துன்பப்பட்டதை 1965இல் எழுதினார். வீட்டு வருமானம் பலவற்றை விளக்கும், எல்லாவற்றையும் விளக்காது. வீட்டை விட்டுப் பிரியவே முடியாத பையன்கள் எல்லா வருமானத்திலும் உண்டு.

5. ஞாயிற்றுக்கிழமைக் கடிதங்கள்

பெரியவரின் நினைவை நம்ப வேண்டாம், சிறுவன் அன்றைக்கே எழுதிய கடிதத்தைப் பாருங்கள் என்பார்கள். எரிக்கின் கடிதங்கள் இருக்கின்றன. பள்ளியில் சேர்ந்த மாதமே அம்மாவுக்கு எழுதியதில், பள்ளி பரவாயில்லை என்கிறான். தபால்தலை ஆல்பத்தைச் சீக்கிரம் அனுப்பச் சொல்கிறான். அடுத்தடுத்த கடிதங்களில் வகுப்பில் எத்தனையாவது இடம், கால்பந்தில் யார் வென்றார்கள் என்பதே செய்தி. சாட்டையும் இல்லை, கண்ணீரும் இல்லை. ஆர்வெல் பொய்யர் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டியவர்கள் உண்டு.

அவர்கள் எழுத்தாளர் ரோல்ட் டாலைப் படித்திருக்க வேண்டும். 1920களின் பிற்பகுதியில் வெஸ்டன்-சூப்பர்-மேரில் இன்னொரு ஆயத்தப் பள்ளியில் படித்த டால், அங்கே கடிதம் எழுதும் முறையை ‘பாய்’ நூலில் விவரிக்கிறார். ஞாயிறு காலை எல்லோரும் வகுப்பில் உட்கார்ந்து வீட்டுக்கு எழுத வேண்டும். தலைமையாசிரியர் எழுத்துப்பிழை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒவ்வொரு தோளுக்கும் பின்னால் நின்று படிப்பார். அந்த நிலையில் எந்தப் பையன் அடி வாங்கியதை எழுதுவான்? டாலின் தாயார் மகன் வாழ்நாளில் எழுதிய அறுநூறுக்கும் மேற்பட்ட கடிதங்களைக் கட்டிப் பாதுகாத்தார். டாலே அவற்றைப் பின்னாளில் வைத்துக்கொண்டு எழுதினார், எங்கெங்கே தம் பேனா மௌனமானது என்பது தெரிந்தே.

ஆகவே தணிக்கைக்கு நடுவிலும் நழுவி வந்ததைத்தான் இங்கேயும் பார்க்க வேண்டும். எரிக்கின் கடிதங்களில் அது தபால்தலை ஆல்பம். வீட்டிலிருந்து ஒரு பொருள் உடனே வேண்டும் என்ற அவசரம்.

6. மனம் மாறியவர்

கானலி 1938இலேயே ‘எனிமீஸ் ஆஃப் பிராமிஸ்’ நூலில் பள்ளியைச் செயின்ட் உல்ஃப்ரிக்ஸ் என்று பெயர் மாற்றிக் கிண்டலாக வரைந்தார். அம்மையாரின் தயவு ஒரு பையனுக்கு எப்போது கிடைக்கும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது என்பது அதன் சாரம். ஆர்வெல் தம் கட்டுரையை அந்த நூலுக்குத் துணைப்பகுதியாகத்தான் நினைத்தார்.

ஒருவரைப் பற்றி மற்றவர் எழுதியது விசித்திரமாகப் பொருந்தாமல் இருக்கிறது. ஆர்வெல் தம்மை அழகற்ற, துணிவற்ற, யாருக்கும் பிடிக்காத பையனாக நினைவில் வைத்திருந்தார். கானலியின் நினைவில் எரிக் பிளேர்தான் அங்கே சொந்தமாகச் சிந்தித்த உண்மையான கலகக்காரன். இதில் கானலியை நம்பத் தோன்றுகிறது. சக மாணவனைத் தம்மைவிட உயர்த்திச் சொல்வதில் அவருக்கு லாபம் எதுவும் இல்லை.

முதுமையில் கானலி தந்தையின் காகிதங்களுக்கிடையே தம் பழைய பள்ளி அறிக்கைகளையும் வில்க்ஸ் தம்பதியர் எழுதிய கடிதங்களையும் கண்டெடுத்தார். தாம் கேலிச்சித்திரமாக்கிய அந்த இருவரும் தம்மேல் உண்மையான அக்கறை கொண்டிருந்ததை அவற்றில் படித்தார். 1973இல் வெளியான கட்டுரைத் தொகுப்பில் அதை வெளிப்படையாக எழுதி வருந்தினார். ஆனால் கவனியுங்கள்: அக்கறை இருந்தது என்று ஒப்புக்கொண்டாரே தவிர, தயவின் ஏற்ற இறக்கமே இல்லை என்று எங்கும் சொல்லவில்லை. அக்கறையும் கொடுமையும் ஒரே ஆளிடம் ஒரே வாரத்தில் இருக்கலாம். விடுதியில் படித்த எவருக்கும் இது செய்தியல்ல.

7. ஊசி

கடைசியாக ஒரு சிறு உதாரணம். செசில் பீட்டன் செயின்ட் சிப்ரியன்ஸுக்கு வருவதற்கு முன் லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் ஹீத் மவுண்ட் பள்ளியில் படித்தார். அங்கே அவரைச் சீண்டிய கூட்டத்தின் தலைவன், பின்னாளில் நாவலாசிரியரான ஈவ்லின் வா. பீட்டன் அதை வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. வா 1964இல் எழுதிய சுயசரிதையில் ஊசியால் குத்தியதை ஒப்புக்கொள்கிறார், அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்ற தொனியில். குத்தியவருக்கு அது ஒரு வாக்கியம். ஊசி இருந்தது என்பது நமக்கு அவர் வாயாலேயே உறுதியாகிவிடுகிறது.

நண்பர்களே, நம் ஊர்களில் பல பள்ளிகள் நூற்றாண்டு விழாவுக்கும் நூற்றைம்பதாம் ஆண்டு விழாவுக்கும் மலர் தயாரித்துக்கொண்டிருக்கின்றன. மலர்க் குழுவில் இருப்பவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரை கேட்கும்போது புகழ்பெற்ற பழைய மாணவர்களோடு நிறுத்திவிடாதீர்கள். கட்டணச் சலுகையில் படித்தவர்களையும், விடுதியில் இலவசமாகச் சாப்பிட்டவர்களையும், பாதியில் நின்றுபோனவர்களையும் தேடிப்பிடித்துக் கேளுங்கள். பள்ளியைப் புகழ்ந்து எழுதியவர் நடுவில் ஓர் அடியையோ ஒரு வசவையோ சொல்லியிருந்தால் அதை வெட்டாதீர்கள். திட்டி எழுதியவர் ஓர் ஆசிரியரை நன்றியோடு குறிப்பிட்டிருந்தால் அதையும் வெட்டாதீர்கள். இடம் போதாவிட்டால் அமைச்சர்களின் வாழ்த்துச் செய்திகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். மலர் அச்சானதும் கையெழுத்துப் படிகளைப் பழைய காகிதக்காரரிடம் போடாமல் பள்ளி நூலகத்தில் சேர்த்துவையுங்கள்.